மின்சாரம் வந்தால் போதுமா? வோல்டேஜும் வரவேண்டாமா?

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கம்பியில் மின்சாரமும் இருக்கிறது. ஆனால் கதிர் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடக்கிறது. கேட்டால், "காயில் போய்விட்டது, கட்டக் கொடுத்திருக்கிறேன்" என்கிறார் விவசாயி. கோடையில் மோட்டார் கட்டும் கடைகளில் கூட்டம் சேர முக்கியக் காரணங்களில் ஒன்று, தாழ்ந்த மின் அழுத்தம். அதாவது லோ வோல்டேஜ்.

இதைத் தலைவிதி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது தவறு. வோல்டேஜுக்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டு. மூன்று பேஸ் இணைப்பில் 415 வோல்ட் தரவேண்டும். அதில் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே கூறின. தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித் தொகுப்பும் அதே அளவைத்தான் வைத்திருக்கிறது. ஆக, உங்கள் மீட்டர் போர்டில் சுமார் 390-க்கும் 440-க்கும் இடையில் வோல்டேஜ் நிற்கவேண்டும்.

மோட்டாருக்கும் தர அளவு உண்டு. நீர்மூழ்கி மோட்டார்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 15 சதவீதம் வரை குறைந்தாலும், அதாவது சுமார் 353 வோல்ட்டிலும், மோட்டார் தாங்கவேண்டும் என்கிறது. கிராமத்து லைனின் நிலை தெரிந்தே கொடுத்த சலுகை இது. அதற்கும் கீழே இறங்கினால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் சுழற்றும் விசை அதைவிட வேகமாகக் குறையும். 20 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால், விசை 100-லிருந்து 64-ஆக இறங்கிவிடும். பம்பின் பாரமோ குறைவதில்லை. பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் வாங்குகிறது. ஆம்பியர் ஏறினால் சூடு அதைவிட அதிகமாக ஏறும். காயில் கருகுகிறது.

"இலவச மின்சாரம்தானே, இதற்குமா புகார்?" என்று சிலர் கேட்பதுண்டு. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது உண்மை. ஆனால் அதற்கான தொகையை அரசு மானியமாகச் செலுத்துகிறது. விவசாய இணைப்புக்கு வோல்டேஜ் குறைந்தாலும் பரவாயில்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை. மேலும், மின்கட்டணம் கட்டாத சிறு விவசாயி காயில் கட்டும் கூலியாகவும் காய்ந்த பயிராகவும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நம் பக்கத்துக் கடமையையும் மறைக்கக்கூடாது. 5 குதிரைத்திறனுக்கு அனுமதி வாங்கி ஏழரை ஓட்டினால், அந்தப் பாரம் கடைசிக் கம்பத்துக்காரர் தலையில் விழுகிறது. கப்பாசிட்டர் எரிந்தால் மாற்றாமல் விடுவதும் அப்படியே. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கப்பாசிட்டர் இருந்தால் லைனில் ஓடும் ஆம்பியர் குறையும். இரண்டு பேஸில் கன்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவது மோட்டாருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் கேடு.

ஆட்டோ ஸ்டார்ட்டர் இன்னொரு தொல்லை. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். மின்சாரம் வந்த நொடியில் இருபது மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் எங்கே நிற்கும்? ஒரு டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்கள் கூடிப் பேசி, ஒருவருக்கு ஒரு நிமிடம், அடுத்தவருக்கு இரண்டு நிமிடம் என்று டைமரைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் வோல்டேஜ் நிற்கவில்லை என்றால் பொறுப்பு மின்வாரியத்துடையது. ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரை ஊர் நடுவில் வைத்து, அங்கிருந்து கிலோமீட்டர் கணக்கில் தாழ்வழுத்தக் கம்பி இழுத்தால் கடைக்கோடிக்கு வோல்டேஜ் போய்ச் சேராது. 11,000 வோல்ட் லைனையே கிணறுகளுக்கு அருகில் கொண்டுபோய், சில பம்புசெட்டுகளுக்கு ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வைப்பதே சரியான வழி. அதே சக்தியை 11,000 வோல்ட்டில் அனுப்பினால், 415 வோல்ட்டில் ஓடும் ஆம்பியரில் சுமார் 26-இல் ஒரு பங்குதான் ஓடும். கம்பியில் இழப்பும் குறையும். செலவு ஆகும் என்பது சரி. ஆண்டுதோறும் எரியும் மோட்டார்களின் செலவையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

விவசாய அன்பர்கள் இன்றே ஒரு காரியம் செய்யலாம். போர்டில் ஒரு வோல்ட் மீட்டர் மாட்டுங்கள். மோட்டார் போடும் முன்பும், ஓடும்போதும், மூன்று பேஸ்களுக்கு இடையிலும் என்ன காட்டுகிறது என்று தேதி, நேரத்துடன் ஒரு நோட்டில் எழுதுங்கள். 15 நாள் கணக்கு சேர்ந்ததும், அதே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டு உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

"வோல்டேஜ் இல்லை சார்" என்று வாயால் சொன்னால், "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். "இந்தத் தேதியில், இந்த நேரத்தில் 330" என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.