மாதம் பிறந்தால் காசு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வேரூன்றி நிற்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கையிற் சேர்ந்த காசு கட்டாரில் வெயில் குடித்துத் தேடியதாயினும் சரி, கச்சேரியில் முப்பது வருஷம் பேனா பிடித்து முடிவிற் பெற்ற பணிக்கொடையாயினும் சரி, சுவிஸிலுள்ள மகன் அனுப்பியதாயினும் சரி, அதனைக் கொண்டு கல்லடியிலோ அரசடியிலோ பத்துப் பேர்ச் வளவு வாங்கி, வாடகைக்கு ஒரு வீடு கட்டிப் போட்டுவிட்டால், அதன்பின் ஆயுள்பரியந்தம் கவலையில்லை என்பதே அது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கோயில் வீதியிலும் இது வேதவாக்காக ஓதப்படுகிறது. மறுத்துப் பேசுகிறவன் பிழைக்கத் தெரியாதவன். அந்தப் பட்டத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு இதனை எழுதுகிறேன்.

என் தாய்மாமன் இந்தச் சித்தாந்தத்தின் பரம பக்தர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் நாவலடியைத் துடைத்துக்கொண்டு போனபின், உலகத்தின் தொண்டு நிறுவனங்களெல்லாம் எங்கள் நகரத்துக்கு வந்து, அலுவலகத்துக்கும் அதிகாரிகளுக்கும் இடந்தேடி, கேட்ட வாடகையைக் கேள்வியின்றிக் கொடுத்த காலத்திலே, அவர் தமது மூன்று ஏக்கர் பரம்பரை வயலை விற்று, கல்லடியில் ஒரு மாடி வீட்டைக் கட்டினார். நான் தடுத்தபோது, “மனே, வயல் வானத்தப் பாத்துக்கொண்டு கிடக்கும், ஊடு அப்பிடியில்ல, மாதம் பொறந்தாக் காசு” என்றார். நாலு வருஷம் அவர் வாக்கு பொய்க்கவில்லை. முற்றத்தில் வெள்ளை வாகனங்கள் நின்றன. பின்புறத்தில் ஜெனரேட்டர் உறுமியது. 2009 இல் யுத்தம் முடிந்தது. தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டின. மாமாவின் குடியிருப்பாளரும் மேசை கதிரைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

அதற்குப்பின் பதினான்கு மாதம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. படலையில் தகரத்தில் எழுதித் தொங்கவிட்ட “வீடு வாடகைக்கு உண்டு” என்ற வாசகத்தில், வெயில் தின்றது போக, “உண்டு” மட்டும் எஞ்சிற்று. கடற்காற்று சும்மா இருக்கவில்லை. உப்பு உள்ளே இறங்க, கூரைத்தட்டின் கம்பி துருப்பிடித்து வீங்கி, தன்னைப் போர்த்திருந்த சீமெந்தைத் தானே பிளந்துகொண்டு, மழைநாளிற் செந்நிறமாகச் சுவரில் வழிந்தது. ஆளில்லாத வயல் தரிசாகும். மறுமாரிக்கு உழுதால் விளையும். ஆளில்லாத வீடோ நோயாளியாகும்.

இது ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாடகை என்பது வீட்டின் கருவிலிருந்து பிறப்பதன்று; குடியிருப்பவனின் சம்பளத்தில் ஒரு கூறு. அந்தச் சம்பளத்தை நகரத்துக்கு எது கொண்டுவந்ததோ அது போகும்போது வாடகையும் உடன்போகும். கடல் கொண்டுவந்த வாடகையைச் சமாதானம் கொண்டுபோயிற்று என்றால், ஊரின் துக்கத்திலே முளைத்த அந்த ஐசுவரியத்தை நித்தியமென்று எண்ணிய பிரமையை என்னென்பது!

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். நிலமும் வீடுமாக ஒன்றரைக் கோடி ரூபாய் இறங்கிற்று என்றும், மாதம் நாற்பதாயிரம் வாடகை வருகிறது என்றும் வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 4,80,000 ரூபாய். ஒருவர் போய் மற்றவர் வருவதற்குள் இரண்டு மாதம் வீணாகும். மிஞ்சுவது நாலு இலட்சம். தரகருக்கு ஒரு மாத வாடகை, பெயின்ட், தண்ணீர் மோட்டர், குழாய், மாநகரசபைக்குச் சோலைவரி என்று ஓர் இலட்சம் கழிந்தால் கையில் நிற்பது மூன்று இலட்சம். அதாவது நூற்றுக்கு இரண்டு. எந்த வங்கியின் நிலையான வைப்பும் இதனிலும் கூடத் தரும். வங்கியில் இட்ட பணத்துக்குக் கூரை ஒழுகுவதில்லை.

“வாடகை கிடக்கட்டும், காணி விலை ஏறுகிறதே” என்பார்கள். ஏறுகிறது; ஆனால் ஏறுவது காணியேயன்றி, வருஷத்துக்கு வருஷம் கிழடாகும் வீடன்று. காணியின் ஏற்றமும் விற்றாலன்றிக் கைக்கு வராது. விற்பதோ குடும்பத்துக்கே இழுக்கு என்று நினைப்பவர்கள் நாம். 2022 இன் அனுபவத்தையும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கையை விரித்து, செப்டெம்பரில் விலைவாசி முந்திய வருஷத்திலும் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறிய காலத்தில், வங்கியிற் கிடந்த பணம் கரைந்ததும், வீடு நின்ற இடத்தில் நின்றதும் உண்மையே, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷ ஒப்பந்தத்திற் கட்டுண்ட வாடகை, வீட்டைப் போலவே நின்ற இடத்தில் நின்றதே! சீமெந்து விலையும் மேசன் கூலியும் அப்படி நின்றனவா?

வீடு அசையாச் சொத்து என்பதால் ஆபத்தற்றது என்பதும் மறதியின் விளைவு. 1972 இன் வாடகைச் சட்டம் குடியிருப்பவனை எழுப்புவதை அரிதாக்கிற்று. 1973 இன் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை கட்டி மிகுதியை அரசாங்கத்தின் வசமாக்கிற்று. 1978 நவம்பர் 23 ஆம் திகதி அடித்த சூறாவளி எந்த உறுதிப்பத்திரத்தையும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கூரையைத் தூக்கவில்லை. அசையாச் சொத்தின் மெய்யான இலட்சணம், ஆபத்து வரும்போது அதுவும் அசையாது, நம்மையும் அசையவிடாது என்பதே.

“எங்கள் முன்னோரும் வீட்டிலேதானே முதலிட்டார்கள்” என்று வழக்கத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அந்தச் சாட்சி என்ன சொல்கிறதென்று கேட்கவில்லை. தாய்வழிக் குடி முறை வழங்கும் இந்த மட்டக்களப்பு நாட்டிலே வீடு மகளுக்குரிய சீதனம். மாப்பிள்ளையே பெண்வீட்டுக்குப் போகிறவன். மகளுக்கொரு வீடு என்று வளவைப் பிரித்துப் பிரித்தே காத்தான்குடியில் சுவரோடு சுவர் ஒட்டிற்று. அந்த வீடு மகள் நிற்பதற்கான நிலம். வருமானத்துக்கு வயல் இருந்தது, மாடு இருந்தது, வாவியிலே தோணி இருந்தது. முன்னோர் வீட்டைக் கட்டியது வாழ்வதற்கு. நாம் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, வாழாத வீட்டைக் கட்டுகிறோம். வெளிநாட்டுக் காசு வளவின் விலையை ஏற்ற ஏற்ற, உள்ளூர்ச் சம்பளத்தில் மகளுக்கு ஒரு வீடு கட்ட நினைக்கும் தகப்பன் பின்னுக்குப் பின்னுக்குத் தள்ளப்படுகிறான் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இந்த நகரத்தில் வாடகை என்ற ஒன்று உண்டானதே யாரால்? வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்தப் பாதிரியார் 1814 இல் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, மறு வருஷமே இவ்வூரில் இறந்தார். அர்ச். மிக்கேல் கல்லூரி 1873 இல் தோன்றிற்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தார். வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பக்கத்துச் செங்கலடியிலே அறைக்கு வாடகை கேட்க இன்று ஆளுண்டென்றால் அதனாலேதான். இவர்களில் யாரும் வாடகைக்கு வீடு கட்டியவர்களல்லர்; வீட்டுக்கு ஆள் வருவதற்குக் காரணத்தைக் கட்டியவர்கள். ஊர் விருத்தியானால் வாடகை விருத்தியாகும்; நூறு மாடி வீடுகள் வாடகைக்கு நின்றாலும் அவற்றால் ஊர் விருத்தியாகாது. வாவி இறாலை ஐஸில் காக்கவும், படுவான்கரை நெல்லை இங்கேயே அரிசியாக்கவும் முதல் தேடி அலைகிறவன் வெறுங்கையோடு திரும்ப, அந்த முதலெல்லாம் கொங்கிறீட்டாக உறைந்து கிடக்கிறது.

மாமாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இப்போது ஒரு விதவைப் பெண் குடியிருக்கிறாள். விடியுமுன் நாலு மணிக்கே அவள் அடுப்பு எரிகிறது. பிட்டும் இடியப்பமும் பொதிகளாகி ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகளுக்குப் போகின்றன; கூடமாட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வாடகையை முதலாந்திகதி கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். மேலே, வெடித்த தட்டின் கீழ்ச் சாய்மணைக் கதிரையிற் கிடந்து பொதிகளை எண்ணிக்கொண்டிருந்த மாமா, போன மாதம் என்னிடம் கேட்டார்: “மனே, இந்தப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு என்ன மிஞ்சும்?” நான் சொன்ன தொகையைக் கேட்டு, விரல் மடித்து முப்பதாற் பெருக்கிப் பார்த்துவிட்டு, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.