அந்த 200 படங்களை அழிச்சிடாதீங்க!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு வாசகர்கள் அடிக்கடி படம் அனுப்புவார்கள். வாசல் கோலம், தேர்த் திருவிழா, மழையில் நிற்கும் பேருந்து, மொட்டைமாடிக்கு வந்த மயில் என்று எல்லாம் வரும். பாதிப் படங்களோடு ஒரு மன்னிப்பும் சேர்ந்து வரும். 'சுமாராத்தான் இருக்கும்', 'இப்பதான் கத்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க', 'நல்லா இல்லைன்னா டெலீட் பண்ணிடுங்க.' சமையல் குறிப்பு அனுப்புகிறவர்கள் யாரும் இப்படி எழுதுவதே இல்லை. 'செஞ்சு பாருங்க, அசந்துடுவீங்க' என்றுதான் வரும்!

படம் எடுப்பவர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

எனக்குத் தோன்றும் காரணம் இது. சமையலோ வீணையோ கற்கும்போது, கையும் நாக்கும் காதும் கிட்டத்தட்ட ஒன்றாக வளரும். போட்டோகிராபியில் அப்படி இல்லை. நம் கண் ஏற்கெனவே தேறிய கண். 'நாயகன்' படத்தில் பி.சி.ஸ்ரீராம் காட்டிய இருட்டையும் வெளிச்சத்தையும் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. போதாக்குறைக்கு இன்ஸ்டாகிராமில் தினமும் நூறு நல்ல படங்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம். ஆக, கண்ணுக்கு இருபது, முப்பது வருடப் பயிற்சி. கைக்கு மூன்று வாரம். கை எடுத்ததைக் கண் பார்த்து 'சீ' என்கிறது. அதைக் கேட்டு, நமக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் 'நல்லா இல்லை' என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தானே? அந்த ரசனை இருக்கிறவருக்குக் கை பழகினால் போதும்.

இன்னொரு சிக்கல், நாம் ஒப்பிடும் விதம். ஊட்டிக்குப் போய் நாம் எடுத்த 200 படங்களையும், வேறொருவர் 2,000 எடுத்து அதிலிருந்து பொறுக்கிப் போட்ட ஒரே ஒரு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். பிலிம் காலத்தில் 'கான்டாக்ட் ஷீட்' என்று ஒன்று உண்டு. ஒரு ரோலில் இருக்கும் 36 படங்களையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் அச்சிட்டு, தேறியதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார்கள். உலகப் புகழ்பெற்ற மேக்னம் குழுவின் புகைப்படக்காரர்களுடைய இத்தகைய தாள்கள் 2011-ல் புத்தகமாகவே வந்தன. நாம் வாய்பிளந்து பார்த்த படங்களுக்கு முன்னும் பின்னும் எத்தனை சாதாரணப் படங்கள் இருக்கின்றன என்று அதில் பார்க்கலாம். ஒரே காட்சியைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்திருப்பார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி தந்த புத்தகம்.

சரி, அனுபவம் வந்தால் சந்தேகம் போய்விடுமா? டோரோதியா லாங் கதையைக் கேளுங்கள். 1936 மார்ச், அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தக் காலம். கிராமப்புற வறுமையை அரசுக்காகப் படமெடுத்துவந்த லாங், ஒரு மாத வேலையை முடித்துவிட்டு, கலிஃபோர்னியாவில் கொட்டும் மழையில் காரோட்டி வீடு திரும்புகிறார். நிபோமோ என்ற ஊர் அருகே, பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர் முகாம் என்றொரு பலகை. பார்த்தும் நிறுத்தவில்லை. ஏற்கெனவே இதேபோல் நிறைய எடுத்தாகிவிட்டது, இன்னொன்று எதற்கு? இந்த மழையில் கேமராவை வெளியே எடுத்தால் என்ன ஆவது? இப்படித் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு 20 மைல் போனதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அதன்பிறகுதான் வண்டியைத் திருப்பினார்.

முகாமில் இருந்தது பத்தே நிமிடம். கூடாரத்துக்குள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி நெருங்கி எடுத்தார். அதில் ஒன்றுதான் 'மைக்ரன்ட் மதர்'. பெருமந்தக் காலம் என்றாலே இன்றும் பலருக்கு நினைவுக்கு வரும் முகம். அப்போது லாங்குக்கு வயது 40. ஸ்டுடியோ நடத்திப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கே 20 மைல் சந்தேகம்! அந்தப் படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரிகிறது என்று சில ஆண்டுகள் கழித்து நெகட்டிவில் அதை மறைக்கவும் வைத்தார். அவ்வளவு பெரிய படத்திலும் அவர் கண்ணுக்கு ஒரு குறை.

அவர் 'நான் சரியில்லை' என்று சொல்லவில்லை, 'அந்த விரல் சரியில்லை' என்றார் என்பதைக் கவனியுங்கள். 'எனக்கு போட்டோ வராது' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்த பிறந்தநாள் படங்கள் எல்லாம் கலங்கியிருக்கின்றன' என்று சொல்லிப் பாருங்கள், வழி கிடைக்கும். வெளிச்சம் குறைவாக இருந்ததால் கேமரா தானாகவே ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். குழந்தை அதற்குள் கேக்கிலிருந்து பலூனுக்குத் தாவியிருக்கும். ஷட்டர் வேகத்தை 1/125-க்குக் குறையாமல் வையுங்கள். ஓடுகிற குழந்தைக்கு 1/500 வேண்டும். இருட்டடித்தால் ஐஎஸ்ஓ-வை 1600-க்கு ஏற்றுங்கள். கொஞ்சம் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும், பரவாயில்லை. மேனுவல் மோடில் எடுத்தால்தான் போட்டோகிராபர் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மொபைல்காரர்களுக்கு இன்னும் எளிது. முகத்தின் மேல் விரலால் தட்டி, பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம் மாறும். அதற்கும் முன்னால், லென்ஸைத் துடையுங்கள். 'என் படம் மட்டும் மங்கலா வருது' என்று வருந்துகிறவர்களில் பலருக்குப் பிரச்னை திறமையில் இல்லை, விரலில் இருந்த தேங்காய் எண்ணெயில்!

பட்டன்களைவிடக் கஷ்டமானது, நாலு பேர் பார்க்க கேமராவைத் தூக்குவது. பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா எடுத்த ஆரம்பகாலப் படங்கள், கணவர் பெயரில்தான் அச்சாகின. 2011-ல் பத்ம விபூஷண் பெற்றவரின் தொடக்கம் அது. தெரு பயமாக இருந்தால் தெருவில் ஆரம்பிக்க வேண்டாமே. தினமும் பால் போடும் அண்ணன், பூக்கார அக்கா என்று உங்களைத் தெரிந்தவர்களிடம் ஆரம்பியுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. அந்தப் படத்தால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்ற வருத்தம் அந்தத் தாய்க்கு இருந்தது.

'எங்க ஊர்ல எடுக்க என்ன இருக்கு?' என்ற கேள்வியும் சந்தேகத்தின் இன்னொரு வேஷம்தான். மதுரைப் பக்கத்துக்காரரான பழனிக்குமாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய தாயின் மகன். கண்மாயில் மீன் பிடிப்பவர்களை எடுத்தார், துப்புரவுத் தொழிலாளர்களை எடுத்தார், தன் அம்மாவையும் எடுத்தார். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே. இன்று உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவர் தன் படங்களைக் காஷ்மீரில் போய்த் தேடவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி தன் அப்பா சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டும் படத்தை அனுப்பியிருந்தார். வழக்கம்போல மன்னிப்போடு. படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடும் அந்த முகத்தில் அத்தனை கவனம். இதேபோல் வேறு படங்கள் இருக்கிறதா என்று போனில் கேட்டேன். "நிறைய எடுத்தேன் தம்பி. பேக்ரவுண்ட் சரியில்ல, கோணலா இருக்குன்னு அப்பப்போ அழிச்சிட்டேன். அப்பா போயிட்டாரு. இந்த ஒண்ணுதான் இருக்கு" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எது நல்ல படம் என்பதை எடுத்த அன்று ராத்திரியே முடிவு செய்ய வேண்டாம் என்று இப்போதெல்லாம் கேட்பவர்களிடம் சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, ஆறு மாதம் தொடாமல் வையுங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? ஐபோனில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' பகுதியில் 30 நாள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால், 'ட்ராஷ்' பகுதியில் 60 நாள் வரை இருக்கும். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.