மாரி 2: புறா பறந்து போச்சு, கூண்டு மட்டும் மிச்சம்

2018-ஐ தமிழ் சினிமாவோட 'பார்ட் டூ' வருஷம்னே சொல்லலாம். கலகலப்பு 2, கோலி சோடா 2, தமிழ்ப்படம் 2, விஸ்வரூபம் 2, சாமி ஸ்கொயர், சண்டக்கோழி 2, 2.0... எல்லாம் வரிசை கட்டி வந்த பிறகு டிசம்பர் 21-ல் வந்து சேர்ந்தது 'மாரி 2'. இந்த லிஸ்ட்ல இதைவிட மொக்கைப் படம் இருக்கலாம். ஆனா கோபம் வரவேண்டியது இது மேலதான். ஏன்னா இங்கே கெடுக்கறதுக்கு நல்ல சரக்கு இருந்தது.

2015-ல் வந்த முதல் மாரி ஒண்ணும் காவியம் இல்லை. ஆனா அதுக்கு ஒரு ஊர் இருந்தது: திருவல்லிக்கேணி. மாரி அங்கே மாமூல் வாங்கற, புறா பந்தயம் விடற லோக்கல் ரவுடி. ஏரியாக்காரங்களுக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். அவனை உள்ளே தள்ளின பிறகுதான் தெரியுது, வந்திருக்கற இன்ஸ்பெக்டர் அவனைவிட பெரிய கொள்ளைக்காரன்னு. ரெண்டு திருடன்ல எவன் பரவாயில்லைன்னு ஜனங்க யோசிக்கறாங்க பாருங்க, அங்கேதான் காமெடி. சென்னையில ஓட்டு போடற எவனுக்கும் புரியற காமெடி.

ரெண்டாம் பாகத்துல மாரி மகான் ஆயிட்டார். போதைப்பொருள் கூடாது, நட்புக்கு உயிரையும் கொடுப்பார். சரி, ரவுடி திருந்தலாம், தப்பில்லை. ஆனா மாமூல் கொடுத்துட்டு முணுமுணுத்த அந்த ஜனங்க எங்கே? புறா பந்தயம் எங்கே? ஏரியாவை எடுத்துட்டா மாரின்னு யார் மிச்சம்? கூலிங்கிளாஸ், முறுக்கு மீசை, வேட்டி. அதை எந்தக் கடையிலும் வாங்கலாமே!

வில்லன் கதை இன்னும் விசேஷம். டொவினோ தாமஸ் நல்ல நடிகர். அவருக்குக் கொடுத்த வேலை, உடம்பெல்லாம் பச்சை குத்திக்கிட்டு 'நான் தனடோஸ், மரணத்தின் கடவுள்'னு உறுமறது. தனடோஸ் கிரேக்கக் கடவுள். எருமை மேல ஏறி வர நம்ம எமதர்மன் என்ன லீவுல போயிட்டாரா? 'காதலில் சொதப்புவது எப்படி'யும் 'வாயை மூடி பேசவும்' படமும் எடுத்த பாலாஜி மோகனுக்கு, பேச்சுவழக்கு நக்கல்தான் பலம். அவரே வில்லனுக்கு இப்படி வசனம் எழுதினா ஜனங்க சிரிக்கத்தான் செய்வாங்க, தப்பான இடத்துல.

இதெல்லாம் போகட்டும். மன்னிக்க முடியாதது ஆனந்திக்கு நடந்தது. முதல் பாகத்துல காஜல் அகர்வால் பாத்திரம், சுமாரா எழுதியிருந்தாலும், மாரியையே வாக்குமூலம் கொடுக்க வெச்சு ரெக்கார்ட் பண்ணி ஜெயிலுக்கு அனுப்பிச்சது. ரெண்டாம் பாகத்து அராத்து ஆனந்தி (சாய் பல்லவி) சொந்தமா ஆட்டோ ஓட்டறவ, வாய்த்துடுக்கு, படத்துலயே உயிரோட இருக்கற ஒரே ஆள். அவளுக்குக் கதை கொடுத்த வேலை என்ன? விரட்டி விரட்டி அடிக்கறவனையே சுத்தி வரணும். அப்புறம் அவனுக்காகக் குண்டடி படணும். ஹீரோ சோகமாகறதுக்கு ஒரு காரணம் வேணுமே! அப்படியே கதை சில வருஷம் தாவுது, மாரி கையில ஒரு பையன், காமெடி அம்பேல். அதே டிசம்பர் 21-ல் ரிலீஸான 'கனா'வுல ஒரு விவசாயி பொண்ணு கிரிக்கெட் ஆடி ஜெயிச்சுக்கிட்டிருந்தா. ஒரே நாள், ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து ஸ்க்ரீன்.

'ரவுடி பேபி பார்த்தியா, 2020-லயே யூடியூப்ல நூறு கோடி வியூஸ்!'னு ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. வரட்டும். அந்தப் பாட்டுதான் படத்துக்கு எதிரான முதல் சாட்சி. யுவன் இசையில, பிரபுதேவா நடன அமைப்புல, தனுஷும் சாய் பல்லவியும் சரிக்குச் சரி ஆடறாங்க. யாரும் யாருக்காகவும் அடிபடலை. படம் முழுக்க அப்படி இருந்திருக்கலாமே!

'மசாலா படத்துல லாஜிக் பார்க்கலாமா'ன்னு அடுத்த கேள்வி வரும். லாஜிக் யாருங்க கேட்டா? 2007-ல் வந்த 'முனி'யோட தொடர்ச்சிதான் 2011 'காஞ்சனா'. அதுல என்ன லாஜிக்? ஆனா பயமும் சிரிப்பும்தான் சரக்குன்னு லாரன்ஸ் கடைசிவரை மறக்கலை. மாரி 2 ரெண்டாம் பாதியில தன் சரக்கையே மறந்துட்டு சென்டிமென்ட் கடை விரிச்சுடுச்சு.

காமர்ஸ் கிளாஸ்ல 'குட்வில்'னு ஒண்ணு சொல்லித் தருவாங்க. கடையோட நல்ல பேருக்கு இருக்கற மதிப்பு. அதை நம்பித்தான் ஜனங்க பார்ட் டூவுக்கு வராங்க. மாரி 2 வந்தப்போ 100 ரூபாய்க்கு மேல் டிக்கெட்டுன்னா 28 சதவீதம் ஜிஎஸ்டி; 18 ஆகக் குறைஞ்சது 2019 ஜனவரி 1-ல் தான். அவ்வளவு வரியும் கட்டி பழைய மாரியைப் பார்க்க வந்தவங்களுக்குக் கிடைச்சது அவன் மீசை மட்டும். முதல் படத்துல ஜனங்க கிட்ட மாமூல் வாங்கினது மாரி. ரெண்டாவதுல வாங்கினது படமே.