கடன் வாங்கி வேதியியல் படிக்கலாமா?

1964-ல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பள்ளி முடிந்ததும் அங்கே வேலைக்குப் போவதா, கடன் வாங்கி வேதியியல் பட்டம் படிப்பதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுத் தொடக்கந்தோறும் 50,000 ரூபாய் வீதம் 3 ஆண்டுகள், 10 சதவீதத் தனிவட்டிக்குக் கடன் வாங்குவதாகக் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். வட்டியோ கடன் வாங்கிய நாளே தொடங்கிவிடும். நான்காம் ஆண்டு முடிவில் 1,50,000 ரூபாய்க் கடன் 1,95,000 ஆகியிருக்கும். அதே வட்டியில் 5 ஆண்டுகளில் அடைக்க, மாதம் ஏறத்தாழ 4,140 ரூபாய் வேண்டும். முதல் சம்பளம் 15,000 என்றால் கால் பங்குக்கு மேல் போய்விடும்! மாதம் 10,000 ரூபாய் வேலையை விட்டுப் படித்திருந்தால், 3 ஆண்டுகளில் இழந்தது 3,60,000. பின்னால் வரும் ஊதிய உயர்வு இதை ஈடுகட்டலாம். கடனும் சேர்ந்தால் வெகுகாலம் ஆகும்.

அதற்காக வேதியியலைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். வினையூக்கி விளைபொருளை மாற்றாமலே கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறதல்லவா? அரசுக் கல்லூரியும் அப்படித்தான். குறைந்த செலவில் அதே பட்டம். 1840-ல் தோன்றிய சென்னை மாநிலக் கல்லூரிக்கு ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறிப் போய்வரலாம். முதல் விண்ணப்பம் அங்கே போகட்டும். கடன் வாங்கியே தீரவேண்டுமென்றால், எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத தவணைக்கு மட்டும் கையெழுத்திடுங்கள்.