ஓர் இடைவெளியின் விலை

ஆஸ்டின் டவுனில் மாடியறை ஒன்றில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதும் இளைஞருக்கு, இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் என்பது கடைசி வேலை. புரோகிராம் தயார், பில் அனுப்பவேண்டும். அரைமணியில் முடித்துவிடுகிறார். ஆனால் வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் முழு அதிகாரத்துடன் முதலில் நுழைவது அந்த ஸ்கிரிப்ட்தான்.

2011இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் சாஃப்ட்வேரின் ஸ்கிரிப்ட்டில், ஒரு பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அழிக்கவேண்டியது சிறு பகுதி. அழிந்தது சிஸ்டத்தின் உயிர்நாடியான 'யூஎஸ்ஆர்' ஃபோல்டர் முழுவதும்.

2015இல் வெளிப்பட்ட ஸ்டீம் விவகாரம் இன்னும் மோசம். ஃபோல்டரை இடம் மாற்றியிருந்த ஒருவரின் கம்ப்யூட்டரில், அது எங்கே இருக்கிறது என்று ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியவில்லை. இடத்தின் பெயர் காலி. 'அதிலுள்ள அனைத்தையும் அழி' என்ற கட்டளை, 'கம்ப்யூட்டரிலுள்ள அனைத்தையும் அழி' என்றாகிவிட்டது. அவருடைய ஃபைல்கள் போயின. செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் தப்பவில்லை. அந்த வரிக்கு மேலேயே 'பயமாயிருக்கிறது' என்று எழுதியவரே குறித்துவைத்திருந்தார். பயந்தவர், பெயர் காலியா என்று மட்டும் பார்க்கவில்லை.

பரிகாரம் எளிது. பிழை வந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நிற்கவேண்டும். காலிப் பெயரை ஏற்கக்கூடாது. பெயர்கள் மேற்கோள் குறிக்குள் இருக்கவேண்டும். அழிக்குமுன் கேட்கவேண்டும். இரண்டாம் முறை ஓட்டினாலும் எதுவும் கெடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பதற்கு எதுவுமில்லாத கம்ப்யூட்டரில் ஒத்திகை.

அரைமணி வேலைக்கு அரைநாள் ஆகலாம். மறுமுனையில் இருப்பது ஒரு கடைக்காரரின் பத்து வருடக் கணக்கு.