இரண்டாவது கையெழுத்து

2024 அக்டோபர் 2, புதன்கிழமை. காந்தி ஜெயந்தியும் மகாளய அமாவாசையும் ஒன்றாக வந்த நாள். நம் நேரம் காலை ஆறரைக்கு, நியூயார்க்கில் முந்தைய இரவு ஒன்பது மணிக்கு, ஜே.டி. வான்ஸும் டிம் வால்ஸும் எதிரெதிரே நின்று பேசத் தொடங்கினார்கள். அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதம். அன்றைக்குப் பதினோரு மணிக்குத் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம் தாண்டி வாலாஜாபாத் சாலையில் போனால் வரும் படப்பையில், ‘வைஸ் பிரசிடென்ட்’ என்று சொன்னால் யாருக்கும் வாஷிங்டன் நினைவுக்கு வராது. ஊராட்சித் துணைத் தலைவர்தான் வருவார். அவரும் தலைவரும் ஒத்துப்போகிறார்களா, இல்லையா என்பதுதான் டீக்கடையில் அடுத்த கேள்வியாக இருக்கும். துணை அதிபர் விவாதத்தால் வாக்காளர் மனம் மாறுமா என்று அமெரிக்காவில் நாலு வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் படப்பையில் நின்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

அமெரிக்கக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். துணை அதிபர் வேட்பாளர்கள் முதன்முதலாக நேருக்கு நேர் விவாதித்தது 1976-ல். அன்றிலிருந்து இன்றுவரை அதில் மறக்க முடியாத இரவு எது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது 1988 அக்டோபர் 5, ஒமாஹா நகரம். குடியரசுக் கட்சியின் டான் குவேலுக்கு அப்போது வயது 41. பெரிய நாற்காலிக்கு இந்த அனுபவம் போதுமா என்று கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ஜான் (ஜாக்) கென்னடி அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது அவருக்கு இருந்த நாடாளுமன்ற அனுபவம் தனக்கும் இருக்கிறது என்றார் குவேல். எதிரே நின்ற 67 வயது லாயிட் பென்ட்சன் குரலை உயர்த்தவில்லை. ஜாக் கென்னடியோடு வேலை பார்த்தவன் நான், அவரை எனக்குத் தெரியும், அவர் என் நண்பர், நீங்கள் ஜாக் கென்னடி இல்லை என்றார். அரங்கம் அதிர்ந்தது. குவேலின் முகம் சுருங்கியதை நாடே பார்த்தது.

அடுத்த மாதம் தேர்தல். குவேல் இருந்த அணி 40 மாநிலங்களை அள்ளியது! மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் பென்ட்சன் அணிக்குப் போட்ட ஓட்டுகளில், மேற்கு வர்ஜீனியாவின் ஒரு தேர்வாளர் மட்டும் வேட்பாளர்களை இடம் மாற்றி, பென்ட்சனை அதிபர் பதவிக்கு எழுதிப் போட்டார். விவாதத்தில் ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு என்று சொல்லிச் சிரிக்கலாம். உண்மையில் அது தேர்வாளர் முறையையே எதிர்த்துப் போட்ட ஓட்டு.

2008-ல் சாரா பேலினும் ஜோ பைடனும் மோதியதைச் சுமார் 7 கோடி பேர் பார்த்தார்கள். ஒபாமா, மெக்கெய்ன் விவாதங்கள் எதற்கும் அவ்வளவு கூட்டம் இல்லை. பேலின் என்ன சொல்லப்போகிறார் என்ற ஆவல்தான் அந்தக் கூட்டம். 2024-ல் வான்ஸ், வால்ஸ் விவாதம் முடிந்ததும், ஜெயித்தது யார் என்று சி.என்.என். எடுத்த உடனடிக் கணிப்பு 51-க்கு 49. அதாவது, ஏறக்குறைய சமம்.

அப்படியானால் எதற்கு இந்தச் சடங்கு? அமெரிக்காவில் 9 துணை அதிபர்கள் பதவிக்காலத்தின் நடுவிலேயே அதிபர் ஆகியிருக்கிறார்கள். எட்டு முறை அதிபர் இறந்ததால். ஒரு முறை, நிக்சன் ராஜினாமா செய்ததால். நாளைக்கு ஏதாவது நடந்தால் நாற்காலியில் உட்காரப்போகிறவரின் முகத்தை ஒன்றரை மணி நேரமாவது மக்கள் பார்த்துவிடட்டும் என்பதுதான் அந்த மேடையின் உபயோகம். 2020 அக்டோபரில் மைக் பென்ஸ் குறுக்கே பேசியபோது ‘நான் பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று கமலா ஹாரிஸ் நிறுத்தியதையும், பென்ஸ் தலையில் ஓர் ஈ இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்ததையும் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம் வரை பேசினார்கள். அது கமலாவின் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். நாலு வருடம் கழித்து, 2024 ஜூலையில் அதிபர் தேர்தலிலிருந்து பைடன் ஒதுங்கிக்கொண்டபோது, வேட்பாளராக வந்து நின்றவர் அதே கமலாதான்.

இங்கே வருவோம்.

2016 மே மாதத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குப் போட்ட ஓட்டெல்லாம் ஒரே முகத்துக்குப் போட்டது. சுவரொட்டியிலும் அந்த முகம், ஸ்டிக்கரிலும் அந்த முகம். டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். அன்றிரவு கடந்து பொழுது விடியும் முன்பே ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சர். 2017 பிப்ரவரி 16 அன்று எடப்பாடி பழனிசாமி. மே 2016-ல் வரிசையில் நின்ற ஒருவரிடம் போய், நீங்கள் போடும் ஓட்டில் நாலு வருடத்துக்கு மேல் ஆளப்போவது நெடுஞ்சாலைத் துறையைப் பார்ப்பவர் என்று சொல்லியிருந்தால் ஆளை மேலும் கீழும் பார்த்திருப்பார். பழனிசாமி நன்றாக ஆண்டாரா, இல்லையா என்பது தனி வாதம். ஓட்டுப் போடும்போது அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இது ஒரு தடவை நடந்த விபத்தும் அல்ல. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வர். ஒரே வாரத்தில் கருணாநிதி. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது மறுபடியும் நெடுஞ்செழியன் இடைக்காலம். இரண்டு வாரத்தில் ஜானகி. பதவியில் இருக்கும்போதே மூன்று முதலமைச்சர்களை இழந்த மாநிலம் இது. இரண்டாவது இடத்தில் யார் என்பதை நம்மைவிடக் கவலையோடு பார்க்க வேண்டியவர்கள் வேறு யார்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேடையில் பேசியே ‘நாவலர்’ பட்டம் வாங்கிய நெடுஞ்செழியனுக்கு இரண்டு முறையும் நாற்காலி நாள் கணக்கில்தான் கிடைத்தது. அதிகம் பேசாதவர் என்று பெயரெடுத்த பன்னீர்செல்வம் 2001, 2014, 2016 என்று மூன்று முறை முதல்வர் ஆனார். விவாதம் வைத்தால் வாய்ச்சொல் வீரர்கள் மட்டுமே தேறுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டலாம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த ஊரில், கைதட்டல் வாங்குவதும் பதில் சொல்வதும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தலைவர்களே ஒரே மேடைக்கு வராத நாட்டில் துணைகளைப் பற்றி இந்தப் பயம் கொஞ்சம் முந்திக்கொண்டு வருகிறது. 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், அஜித் ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடிக்கும் ராகுலுக்கும் பொது விவாதத்துக்கு அழைப்பு அனுப்பினார்கள். ராகுல் சம்மதித்தார். விவாதம் நடக்கவில்லை.

குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில், விவாதம் வாக்காளர் மனதை மாற்றுமா என்று நம்மைக் கேட்கவே இடமில்லை. 2025 செப்டம்பர் 9 அன்று திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் 452 ஓட்டு வாங்கி ஜெயித்தார். எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டிக்கு 300. ஓட்டுப் போட்டவர்கள் எம்.பி.க்கள் மட்டும். நமக்கு நோட்டீஸ் கொடுத்து ஓட்டுக் கேட்கும் அந்த எம்.பி.க்களில் 15 பேருடைய ஓட்டு செல்லாத ஓட்டாகப் போனது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகரலாம்.

பக்கத்துத் தாம்பரம் மாநகராட்சி இன்னும் நெருங்கிய உதாரணம். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் உருவானது. 70 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு. மேயர் யார், துணை மேயர் யார் என்று தெரியாமலே பல்லாவரமும் பம்மலும் பெருங்களத்தூரும் ஓட்டுப் போட்டன. மார்ச் 3 அன்று தி.மு.க. பட்டியல் வந்தது. மறுநாள் வசந்தகுமாரி கமலக்கண்ணன் மேயர், காமராஜ் துணை மேயர். அதே மார்ச் 4 அன்று மாநிலத்தில் பல இடங்களில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர், துணைத் தலைவர் பதவிகளில் தி.மு.க.வினரே போட்டி வேட்பாளராக நின்று ஜெயித்துவிட, ராஜினாமா செய்துவிட்டு வந்து பாருங்கள் என்று ஸ்டாலின் கண்டிக்க வேண்டியதாயிற்று. கட்சித் தலைமையின் சொல்லை மீறியாவது அடைய நினைக்கும் அளவுக்கு அந்த இரண்டாவது நாற்காலியில் என்னவோ இருக்கிறது.

என்ன இருக்கிறது என்பது ஊராட்சிக்கு வந்தால் பளிச்சென்று தெரியும்.

காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொரு வாக்காளர் கையிலும் நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்குப் பெரும்பாலும் வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். துணைத் தலைவருக்கு எந்த நிறமும் இல்லை. வார்டு மெம்பர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அக்டோபர் 22 அன்று நடந்தது. ஓட்டு எண்ணப்பட்ட 12-ஆம் தேதிக்கும் இதற்கும் நடுவில் பத்து நாள். அந்த மாதிரிப் பத்து நாளில் மெம்பர்களை வேனில் ஏற்றி ‘டூர்’ கூட்டிப்போவது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பழக்கம். மெம்பர் எங்கே என்று கேட்டால் வீட்டில் ‘கோயிலுக்குப் போயிருக்கிறார்’ என்பார்கள். ஓட்டு சமமாக விழுந்தால் குலுக்கல்.

இவ்வளவு பாடும் எதற்கு? ஊரில் இரண்டே வார்த்தையில் சொல்வார்கள்: செக் பவர். ஊராட்சிப் பணம் வெளியே போக வேண்டுமானால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தெருவிளக்குக்கு பல்பு வாங்கிய பில், தூய்மைப் பணியாளர் சம்பளம், மோட்டார் பழுது பார்த்த கூலி, எல்லாவற்றுக்கும் இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்துக்காரரை ஊரே சீட்டுக் குத்தித் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாவது கையெழுத்துக்காரரை ஒன்பது பேரோ பன்னிரண்டு பேரோ ஒரு மூடிய அறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவரும் முறைத்துக்கொண்டால் செக் புத்தகம் மேசைக்குள்ளேயே கிடக்கும். மாவட்ட ஆட்சியர் தலையிடும்வரை மோட்டார் ஓடாது. ஒபாமாவின் துணை அதிபராக இருந்த பைடனுக்குக்கூட இந்த அதிகாரம் இருந்ததில்லை.

அதிகாரம் கணக்கோடு நிற்பதும் இல்லை. தலைவர் பதவி பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், ஊரில் செல்வாக்குள்ளவர்கள் குறிவைப்பது துணைத் தலைவர் பதவியைத்தான். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் ஒரு படம் வெளியே வந்தது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில். பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில். துணைத் தலைவர்தான் தன்னை அப்படி உட்காரச் சொன்னார், கொடியேற்றவும் விடவில்லை என்று அந்தப் பெண் தலைவர் சொன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஊராட்சி செயலர் கைதானார். ‘நான் பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று கமலா ஹாரிஸ் சொன்னதற்கு நாம் இங்கே கைதட்டியதும் அதே வாரம்தான்.

ஆகவே அமெரிக்கர்களின் கேள்வியை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. துணை அதிபர் விவாதம் ஓட்டை மாற்றுமா என்றால், பெரும்பாலும் மாற்றாது. ஆனால் அங்கே ஓட்டுச் சீட்டில் துணையின் பெயர் தலைவர் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளலாம். இங்கே பெயரே இல்லை. பெயர் இல்லாத இடத்தில் கேள்வி கேட்கும் மேடை இன்னும் அவசியம்.

அதற்குப் பெரிய ஏற்பாடும் தேவையில்லை. வார்டுக்கு நிற்கிறவர் துணைத் தலைவர் பதவியில் கண் வைத்திருந்தால் நோட்டீசில் ஒரு வரி அதையும் அச்சடிக்கட்டும். அப்படிச் சொன்னவர்கள் வாக்குப்பதிவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத் திண்ணையிலோ கோயில் மைதானத்திலோ நின்று ஊராரின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். தலைவரோடு ஒத்துவராவிட்டால் கையெழுத்தை நிறுத்துவீர்களா? எந்த பில்லுக்கு நிறுத்துவீர்கள்? தலைவர் பெண்ணாக இருந்தால் அவர் கணவரோடு பேசுவீர்களா, அவரோடு பேசுவீர்களா? பேச்சு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. மாடுலேஷனுக்கு மார்க் போட யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

தேர்தலுக்குப் பிறகும் மேடை இருக்கிறது. 2022-ல் கிராம சபைகளை ஆண்டுக்கு நாலிலிருந்து ஆறாக்கினார்கள். மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊராட்சியில் குறைந்தது 300 பேர் வந்தாக வேண்டும். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வருகைப் பதிவேடு, மிக்சரும் டீயும். ஊராட்சி செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசிப்பார். தலைவர் மைக்கைப் பிடித்து நன்றி சொல்வார். துணைத் தலைவர் ஓரத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசித்த கணக்கில் ஒவ்வொரு ரூபாய்க்குக் கீழேயும் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் படப்பைக்காரர் ஒருவர் எழுந்து மைக்கை அந்த ஓரத்து நாற்காலிக்குக் கொடுக்கச் சொன்னால் போதும். கூட்டம் கொஞ்சம் நீளும், டீ ஆறும்.