மிதிக்கக் கூடாத புல் எதற்கு?

எலெக்ட்ரானிக் சிட்டி நீலாத்ரி ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு பலகையை அடிக்கடி பார்க்கலாம்: 'புல்லை மிதிக்காதீர்கள்.' குழந்தைகள் ஓடக் கூடாது, பெரியவர்கள் உட்காரக் கூடாது, மாடு மேய வரப்போவதும் இல்லை. அப்புறம் அந்தப் புல் யாருக்காக? எங்கள் அசோசியேஷன் தோட்டக் கமிட்டியில் நான் ஓயாமல் கேட்பது இதைத்தான். விளையாடுகிற இடத்தில் புல் தாராளமாக இருக்கட்டும். பலகை நட்ட இடத்தில் மட்டும் அதைப் பெயர்த்துவிட்டு, நீலப் பூ பூக்கும் தரைபடர் செடிகளை வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் காரணம் தண்ணீர். 2024 மார்ச்சில் பெங்களூரு பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட்டோம். போர்வெல்கள் காய்ந்து, டேங்கர் எப்போது வரும் என்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. தோட்டத்துக்குக் குடிநீர் விடக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. எங்கள் புல்தரை அந்தக் கோடையில் பழுத்துக் கருகியது. மழை வந்ததும் என்ன செய்தோம்? சதுர அடிக் கணக்கில் புதுப் புல் வாங்கி விரித்தோம்.

ஏன் நீலம் என்கிறார்கள். ஆசைதான், வேறென்ன! மஞ்சள் அலுத்துவிட்டது. சாலை நடுத்திட்டிலும் கம்பெனி வளாகச் சரிவுகளிலும் வெடேலியாவை விரித்து வைத்திருக்கிறோம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டு, பக்கத்துப் பாத்தியையும் சேர்த்து விழுங்கும்.

நான் கைகாட்டுவது நர்சரிகளில் 'ப்ளூ டேஸ்' என்று விற்கும் எவால்வுலஸ். பூர்வீகம் தென் அமெரிக்கா. நம்ம ஊர் விஷ்ணுகிராந்தியின் பங்காளி. ஓர் அடி உயரத்துக்குள் அடங்கிவிடும். இலை முழுக்க மெல்லிய வெள்ளி ரோமம். பூ ஒரு ரூபாய்க் காசு அகலம். நல்ல நீலம், நடுவில் வெள்ளை. ஒன்று சொல்லிவிட வேண்டும்: காலையில் விரிகிற பூ பிற்பகலில் சுருண்டுவிடும். ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், "பூவே இல்லாத செடியை எதுக்கு வெச்சீங்க?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கி வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டக்காரர் தளிப் பக்கத்துக்காரர். "மேடம், இது வெயில் செடி. தண்ணி ஜாஸ்தி விட்டா வேர் அழுகிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பூ இல்லாத நுனிக் கொம்பை நாலு அங்குலத்துக்குக் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த செம்மண்ணில் ஊன்றுகிறார். மூன்று, நான்கு வாரத்தில் வேர் பிடிக்கிறது. பிறகு பாத்தியில் முக்கால் அடிக்கு ஒன்று. பத்துத் தொட்டி வாங்கினால் போதும், மிச்சம் அதிலிருந்தே வரும்.

'விஷ்ணுகிராந்தியையே வைக்கலாமே' என்பது நியாயமான கேள்வி. கேரளத்துத் தசபுஷ்பத்தில் ஒன்றான அது, செம்மண் மேட்டில் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும். ஆனால் பூ மிகச் சிறிசு. தரையை அடர்ந்து மூடாது. நடைபாதை ஓரத்துக்கும் கல் இடுக்குக்கும் வைக்கலாம். கானாம்வாழை வேறு ரகம். அசல் நீலம் அதன் பூவில்தான். மழைக்குத் தானாக வரும். மண்ணுக்கடியிலும் பூத்து விதை வைக்கிற கில்லாடி என்பதால் பிடுங்கினாலும் திரும்பி வரும். கீரையாகச் சமைப்பவர்களும் உண்டு. பாத்திக்குள் விடாதீர்கள், மதிலோரம் பிழைத்துப் போகட்டும்.

இரண்டு டவர்களுக்கு இடையில் வெயில் விழாத பகுதிக்கு டொரினியா. டிசம்பரில் நர்சரிக்காரர் ஆசை காட்டும் லொபீலியாவை வாங்க வேண்டாம். நம் ஏப்ரலைத் தாண்டாது.

தேனீ வருமே என்று பயப்படுகிறார்கள். எங்கள் பாத்திக்கு வருவது பெரும்பாலும் நீலப்பட்டைத் தேனீ. அது கூட்டமாக அடை கட்டாது. மண்ணில் தனித்தனியாக வளை தோண்டி வாழும். பால்கனியில் அடை தொங்குவதற்கு அதன்மேல் பழி போட முடியாது.

புல்தரை இருந்தால்தான் ஃபிளாட்டுக்கு விலை என்று ஒரு வாதம் உண்டு. டேங்கர் பில்லைப் பார்த்து ஓடிப்போன வாடகைதாரர்கள் கணக்கை அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் முழுத் தோட்டத்தையும் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள். பலகை இருக்கிற ஒரே ஒரு பாத்தியைக் கேளுங்கள். மே மாதத்துக்குள் தீர்மானம் போட்டு, ஜூன் மழையில் நட்டுவிட்டால், ஆயுத பூஜைக்குப் பூத்திருக்கும்.